பூக்காரம்மாவின் கூடையில் இத்தாலி!

இந்தத் தடவை உங்களை வெகு தூரம் அழைத்துப் போகப் போவதில்லை. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, திருமுல்லைவாயிலில் இறங்கி, ஆவடி வழியாகப் பூவிருந்தவல்லி போய்த் திரும்பலாம். மொத்தமே அரைநாள் பிரயாணம். அந்த அரைநாளில் நான் இத்தாலி தேசத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தேன் என்றால் நம்புவீர்களா? கேளுங்கள் கதையை.

என் பெண் இத்தாலியில் டூரின் நகரத்தில் மேல்படிப்புப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து பளபளவென்று மஞ்சளாக ஒரு பாட்டிலை எடுத்தாள்.

“அம்மா, இதுக்குப் பேரு லிமோன்செல்லோ. எலுமிச்சம்பழத் தோலை ஊறவெச்சுப் பண்றது. அங்கே விருந்து முடிஞ்சா சின்னச் சின்ன கிளாஸிலே ஆளுக்கு ஒரு வாய் தருவாங்க. ஞாயித்துக்கிழமை மாமா வர்றாரில்லே? டிராமிசுன்னு ஒரு இனிப்பு பண்றேன். அதிலே இதைக் கொஞ்சம் தெளிச்சா பிரமாதமா இருக்கும்!”

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அந்த மாமா என் தம்பி. அவன் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை எழுத எனக்கு மனசு வரவில்லை. தம்பி மனைவியின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போனதும், பாதி ராத்திரியில் அவள் எனக்கு டெலிபோன் செய்து அழுததும் போதாதா? படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று என் பெண்ணிடம் மூச்சு விடாமல் இருந்துவிட்டோம். அதனால்தான் அவள் ஒன்றும் அறியாமல் இந்தப் பரிசை ஆசையாக வாங்கி வந்திருக்கிறாள்.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், “ஒரு சொட்டு தானேம்மா? சூடு பண்ணினா ஆவியாப் போயிடாதா?” என்றாள்.

நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் அது சரியல்ல, சகோதரிகளே. அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைப்படி, கொதிக்கிற பண்டத்தில் மதுவை ஊற்றி உடனே இறக்கினால் அதில் இருக்கும் ஆல்கஹாலில் 85 சதவிகிதம் அப்படியே தங்கிவிடுகிறது. கால்மணி நேரம் கொதித்தாலும் 40 சதவிகிதம் மிஞ்சுகிறது. டிராமிசுவையோ அடுப்பில் வைப்பதே கிடையாது. லிமோன்செல்லோ லேசுப்பட்டதும் அல்ல. பீரில் சுமார் 5 சதவிகிதம் ஆல்கஹால் என்றால், இதில் 25 முதல் 35 வரை. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பத்திரமானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அறவே ஆகாது. குடியிலிருந்து மீண்டவர்களுக்கோ அந்த வாசனையும் ருசியுமே தூங்குகிற பாம்பை எழுப்பிவிடலாம்.

என் பெண் முகம் வாடிவிட்டது. “அப்போ அந்த மணம் வேணும்னா என்னம்மா பண்றது?” என்றாள்.

“முதல்லே அதிலே என்னதான் இருக்குன்னு சொல்லு பார்ப்போம்” என்றேன்.

சொல்ல ஆரம்பித்தாள். லிக்கர் என்று அவர்கள் சொல்வது வேறொன்றுமில்லை. மூலிகை, வாசனைச் சரக்கு, பழத்தோல் இவற்றைச் சாராயத்தில் ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்தது. இவற்றில் பல ஒருகாலத்தில் மருந்தாகத்தான் இருந்தனவாம். ஃபிளாரன்ஸ் நகரில் சாந்தா மரியா நோவெல்லா என்ற மடத்துத் துறவிகள் நடத்திய மருந்துக்கடை, 1612-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு இன்றைக்கும் இருக்கிறது. அங்கே செய்யும் ‘அல்கெர்மெஸ்’ என்ற சிவப்பு மதுவில் லவங்கப்பட்டை, கிராம்பு, ஏலக்காய், பன்னீர் எல்லாம் உண்டு. சாப்பாட்டுக்குப் பின் ஜீரணத்துக்கென்று குடிப்பது ‘அமாரோ’. அந்தச் சொல்லுக்குக் கசப்பு என்றே அர்த்தம். ‘சம்புகா’வில் அன்னாசிப்பூவின் மணம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடியே, விருந்துக்கு அப்புறம் ஜீரணத்துக்குக் காரமும் கசப்புமா ஒரு வாய்! நம்ம தீபாவளி லேகியமும் அதைத்தானேடி செய்யுது? சாராயத்தை எடுத்துட்டா மீதி எல்லாம் நம்ம அஞ்சறைப் பெட்டி. நாளைக்குக் கிளம்பு, மூலிகைக்கும் வழி இருக்கு” என்றேன்.

மறுநாள் காலை கிளம்பினோம். 1964-ல் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து அம்பத்தூர் என்றால் எல்லாருக்கும் ஆலைச் சங்குதான் ஞாபகம். ஆவடி என்றால் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்த கனரக வாகனத் தொழிற்சாலை. ஆனால் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்களேன். திருமுல்லைவாயிலில் முல்லை. மாங்காட்டில் மா. பருத்திப்பட்டில் பருத்தி. பூவிருந்தவல்லியில் பூவே பெயராகிவிட்டது. ஒரு தோட்டத்தையே ஊர் ஊராகப் பிரித்து வைத்த மாதிரி இல்லையா?

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோவிலுக்கு முதலில் போனோம். தொண்டைமான் படையோடு வந்தபோது அவன் யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். வாளால் வெட்ட, கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தின்மேல் பட்டு ரத்தம் பெருகியது என்பது தல வரலாறு. அந்தக் காயத்துக்காக ஸ்வாமிக்கு இன்றும் சந்தனக் காப்பு! அம்பாள் பெயர் கொடியிடை நாயகி. கருவறைக்கு முன்னால் நிற்கும் இரண்டு வெள்ளெருக்கத் தூண்களை என் பெண் வாய் பிளந்து பார்த்தாள். “செடி இவ்வளவு பெரிசா வளருமாம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கிருந்து ஆவடி. ஆவடியிலிருந்து பஸ்ஸில் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, கூவத்தைக் கடந்து, கரையான்சாவடி வழியாகப் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் இது. இங்கே நந்தவனம் வைத்து, தினமும் பூவைக் கட்டிக் காஞ்சி வரதராஜருக்குக் கொண்டு போய்ச் சமர்ப்பித்தார் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். இவ்வூர் வரதராஜப் பெருமாள் கோவிலில் தாயார் திருநாமம் புஷ்பவல்லி. பொருத்தத்தைப் பாருங்கள்!

பூக்காரம்மாவின் கூடை முன் உட்கார்ந்ததும்தான் வேடிக்கை ஆரம்பித்தது. மல்லிகைச் சரங்களுக்கு நடுவே சொருகியிருந்த சாம்பல் பச்சை இலைக் கொத்தை எடுத்து என் பெண் முகர்ந்து பார்த்தாள்.

“அம்மா! இது மார்ஜோரம்! அங்கே சூப்பிலே போடுவாங்க!”

“இன்னாம்மா ஜோரம்? இது மரு. கதம்பத்துல வெச்சுக் கட்றது” என்றார் பூக்காரம்மா.

இரண்டும் ஒரே செடிதான்! நாம் தலையில் வைத்துக்கொள்கிறோம், அவர்கள் தட்டில் வைத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே மரிக்கொழுந்து இருந்தது. டூரினில் 1786 வாக்கில் பிறந்த ‘வெர்முத்’ என்ற மதுவுக்குக் கசப்பு மணம் தருகிற மாசிபத்திரி இனச் செடிக்கு இது தங்கை முறை. அடுத்தது திருநீற்றுப் பச்சிலை. இத்தாலிக்காரர்கள் உயிரையே வைத்திருக்கும் ‘பேசில்’ இதே இனம். வகைதான் வேறு, நம்முடையதில் காரம் கொஞ்சம் தூக்கல். இதன் விதைதான் நாம் சர்பத்தில் போடும் சப்ஜா. வீட்டு வாசலில் இருமலுக்கு வளர்க்கிறோமே கற்பூரவல்லி, அதன் மணம் பிட்ஸா மேல் தூவும் ‘ஆரிகானோ’வின் மணம். செடிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வேறு இனமாக இருந்தாலும் இரண்டிலும் கார்வக்ரால் என்ற ஒரே வாசனைப் பொருள் இருப்பதுதான் காரணம்.

ஆகா என்று கூடையோடு அள்ளிக்கொண்டு வந்து சமைத்துவிடாதீர்கள். பூக்கடைக் கொத்துகளில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம். அவை தலைக்கும் சாமிக்கும் மட்டுமே. மரிக்கொழுந்து சாப்பாட்டுக்கே வேண்டாம். நாங்கள் சாலையோர நர்சரியில் மரு, திருநீற்றுப் பச்சிலை இரண்டுக்கும் தொட்டிச்செடி வாங்கிக்கொண்டோம். கற்பூரவல்லிக்குக் காசே வேண்டாம். ஒரு தண்டை ஒடித்து ஊன்றினால் போதும். நாட்டு மருந்துக் கடை சப்ஜா விதையைத் தூவியும் பாருங்கள், பெரும்பாலும் முளைத்துவிடும். காலை வெயில் படுகிற ஜன்னல் ஓரம் உத்தமம்.

இனி பக்குவத்துக்கு வருவோம். டிராமிசுவுக்குப் பச்சை முட்டை சேர்ப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது உகந்ததல்ல என்று அதைக் கைவிட்டோம். பதிலாக, வட இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் பிரபலமான ‘பன்னா கோட்டா’ செய்தோம். காய்ச்சிய பாலேடு என்று அர்த்தம். அவர்கள் மாட்டுத்தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ப்பார்கள். நமக்கு இருக்கவே இருக்கிறது கடல்பாசி. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் ஒன்றுக்குப் பெயரே மரிக்கொழுந்துப் பாசி! அகர் தயாரிப்பதும் அதிலிருந்துதான்.

*எலுமிச்சைப் பாகு (சாராயம் இல்லாத லிமோன்செல்லோ!):* ஆறு எலுமிச்சம்பழங்களை வெந்நீரும் உப்பும் விட்டுத் தேய்த்துக் கழுவித் துடைக்கவும். மஞ்சள் தோலை மட்டும் மெல்லத் துருவவும். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். ஒரு கப் சர்க்கரையில் துருவலைப் போட்டு விரலால் நன்றாகப் பிசிறி, மூடி, ராத்திரி முழுவதும் வைக்கவும். தோலில் இருக்கும் எண்ணெய் சர்க்கரையில் இறங்கிவிடும். மணமே அந்த எண்ணெயில்தான். காலையில் ஒரு கப் தண்ணீர் விட்டு ஒரு கொதி கொதித்ததும் இறக்கி, ஒரு சிட்டிகை சோம்பு, நாலு திருநீற்றுப் பச்சிலை போட்டு மூடவும். ஆறியதும் வடிகட்டி, மூன்று பழத்தின் சாற்றைச் சேர்க்கவும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

*பால் பன்னா கோட்டா:* ஐந்து கிராம் கடல்பாசியைக் கால்மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் இழையே தெரியாமல் கரையும்வரை கொதிக்க விடவும். இன்னொரு அடுப்பில் அரை லிட்டர் பால், 200 மில்லி கிரீம், நாலு மேஜைக்கரண்டி சர்க்கரையைச் சூடாக்கவும். இரண்டும் சூடாக இருக்கும்போதே கடல்பாசி நீரை வடிகட்டிப் பாலில் ஊற்றிக் கலக்கவும். பால் ஆறியிருந்தால் கட்டி தட்டிவிடும், ஜாக்கிரதை! கிண்ணங்களில் ஊற்றி, ஆறியதும் இரண்டு மணி நேரம் குளிர வைக்கவும். பரிமாறும்போது மேலே பாகு ஒரு கரண்டி, ஊறின சப்ஜா ஒரு கரண்டி. குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் சப்ஜா நன்றாக ஊறிக் கொழகொழவென்று ஆகியிருக்க வேண்டும். ஊறாத விதை தொண்டையில் அடைக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் பாகைத் தவிர்த்து, அளவோடு சாப்பிடலாம்.

சனிக்கிழமை ராத்திரி கொல்லைப்புறத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். என் பெண் அந்த மஞ்சள் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். “வாசனை போகணும்மா, இன்னும் ரெண்டு வாளி தண்ணி விடணும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு வந்தான். சாப்பாடு முடிந்ததும் என் பெண் கிண்ணத்தை நீட்டி, “மாமா, இது இத்தாலி இனிப்பு” என்றாள். அவன் கரண்டியை எடுக்காமல் ஒரு நிமிஷம் கிண்ணத்தையே பார்த்தான். வெளிநாட்டுப் பண்டமாயிற்றே, அதில் என்ன சேர்த்திருக்கிறதோ என்ற பயம். கேட்கவும் கூச்சம்.

“எலுமிச்சையும் திருநீற்றுப் பச்சிலையும்தான் மாமா. நானும் அம்மாவும் பூந்தமல்லி போய் வாங்கி வந்தோம்” என்றாள் அவள்.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த நிம்மதிக்கு நான் இன்னும் பத்து ஊர் சுற்றலாம். “அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கா?” என்று அவன் கேட்டபோது என் கண் கலங்கியதை யாருக்கும் காட்டாமல் சமையலறைக்குள் போய்விட்டேன்.

கடைசியாக ஒன்று. மூலிகையும் இனிப்பும் குடிப்பழக்கத்துக்கு மருந்தாகிவிடாது. அது ஒரு வியாதி, வைத்தியம் வேண்டும். தெரியாமல் காப்பியில் கலந்து கொடுங்கள் என்று விற்கும் பொடிகளை நம்பாதீர்கள். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகையால் டாக்டரின் யோசனைப்படிதான் நிறுத்த வேண்டும். மீண்டு வந்தவருக்கு நாம் செய்யக்கூடியது, பயமில்லாமல் கை நனைக்கக்கூடிய ஒரு விருந்து.

அடுத்த தடவை பூ வாங்கும்போது அந்த மருக்கொத்தைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். இத்தாலி அங்கேயே இருக்கிறது!