வாசலில் பிளாஸ்டிக் புல்... அடியில் களிமண்!

விதையில்லாத் திராட்சைக்குப் பேர் வாங்கிய ஊர், தேனி மாவட்டம் ஓடைப்பட்டி. அந்தப் பக்கம் இப்போது கட்டும் புது வீடுகளில், சாணி தெளித்துக் கோலம் போட்ட வாசலுக்குப் பதிலாகப் பச்சைப் பாய் விரிக்கும் ஆசை பரவி வருகிறது. 'தண்ணி ஊத்த வேணாம், வெட்ட வேணாம், களை வராது' என்று சொல்லி விற்கிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால், மேலே அடிக்கும் வெயிலையும் கீழே இருக்கும் மண்ணையும் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் ஒரு குடும்பம், பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியது. மனை சுத்தக் களிமண். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனுக்கு, வாசலில் 300 சதுர அடிக்குச் செயற்கைப் புல் போட ஆசை. பங்குனியில் ஆட்கள் வந்தார்கள். மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, மேலாக மணல் தூவி, பாயை விரித்து ஆணி அடித்தார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது.

"ஏண்டா, இதுல வத்தல் காயப்போடலாமா?" என்று கேட்டார் அப்பத்தா.

"வத்தலா? சாயங்காலம் உக்கார்றதுக்குப் போட்டது அப்பத்தா."

சித்திரை பிறந்தது. விடுமுறைக்கு வந்திருந்த நாலு வயதுப் பேரன், மதியம் செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடி, நடுவழியிலேயே நின்று அலறினான். அப்பத்தாதான் தூக்கிவந்து தொட்டித் தண்ணீரில் காலை நனைத்தார். உள்ளங்கால் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

உயிருள்ள புல் தன் இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வேலை தெரியாது. வாங்கிய வெயிலை அப்படியே வைத்திருக்கும். 2002-ல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், விளையாட்டு மைதானத்துச் செயற்கைப் புல்லை அளந்து பார்த்தார்கள். காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்த நாளில், புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி வரை போனது. தண்ணீர் அடித்தால் குளிர்ந்தது. சில நிமிடங்களில் மறுபடியும் சூடு ஏறியது. தண்ணீர் வேண்டாம் என்று வாங்கிய புல், கடைசியில் தண்ணீர் கேட்கிறது.

இந்தப் புல் உலகத்துக்கு அறிமுகமான கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ல் கூரை மூடிய பெரிய விளையாட்டு அரங்கம் திறந்தார்கள். கூரை வழியே வந்த வெளிச்சம் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்தது. கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் கிடைக்காமல் உள்ளே இருந்த புல் செத்தது. 1966-ல் அங்கே பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். வெயில் இல்லாத இடத்தில் பேர் எடுத்த புல்லைத்தான், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் விரிக்கிறோம்.

அந்தக் குடும்பத்துக்கு அடுத்த சோதனை ஐப்பசியில் வந்தது. 300 சதுர அடியில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 700 லிட்டர் தண்ணீர். பாயில் இருந்த ஓட்டை வழியாக அது கீழே இறங்கியது. அதற்குக் கீழே போக வழியில்லை. களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது. நீரைப் பிடித்துவைக்குமே தவிர, சீக்கிரம் விடாது. பாய்க்கு அடியில் தண்ணீர் தேங்கி நாற்றம் எடுத்தது. கோடையில் வெடித்த இடங்கள் பள்ளமாகி, ஓரங்களில் ஆணி கிளம்பியது.

அதைவிடக் கவலை சுவர். களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் தங்கினால் அஸ்திவாரம் சீராக உட்காராது. வாசல் பக்கச் சுவரில் மயிரிழையாக ஒரு விரிசலைக் கண்ட கொத்தனார், "மொதல்ல இந்தத் தண்ணிய வெளியேத்துங்கய்யா. புல்லப் பத்தி பெறகு பேசலாம்" என்றார்.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, முறையாக வேலையை ஆரம்பித்தார்கள். ஐந்து அங்குலம் மண்ணை எடுத்தார்கள். களிமண் மேலே ஏறாமல் இருக்க, நீர் வடியும் நெய்யாத துணியை விரித்தார்கள். அதன்மேல் ஜல்லியும் கிரஷர் தூளுமாக நாலு அங்குலம் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். 300 சதுர அடிக்கு நாலு அங்குலம் என்றால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். சுவரிலிருந்து வெளியே, 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு கொடுத்து, ஓரத்தில் வாய்க்கால் எடுத்துத் தென்னைக்குத் திருப்பிவிட்டார்கள். இப்போது மழை நின்ற கொஞ்ச நேரத்தில் வாசல் காய்ந்துவிடுகிறது.

வெயில் படாத தாழ்வாரத்தை ஒட்டி 60 சதுர அடிக்கு மட்டும் பாயைத் திரும்ப விரித்தார்கள். மீதி இடத்தில் பாதி, வத்தல் காயும் களமாகிவிட்டது. பாதியில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டார்கள். திராட்சைக் கொடியை ஏற்றவில்லை. மருந்து அடிக்காமல் திராட்சையைக் காப்பாற்றுவது சிரமம், பிள்ளைகள் விளையாடும் வாசலில் மருந்து அடிப்பதும் சரியல்ல. அவரையும் கோவையும் ஏறியிருக்கின்றன.

செயற்கைப் புல் போட நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனை செய்துவிடலாம். செலவே இல்லை. வாசலில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். வடிந்ததும் சாயங்காலம் மறுபடி நிரப்ப வேண்டும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், ஜல்லியும் சரிவும் இல்லாமல் பாயை விரிக்கக் கூடாது. அடுத்து, கடையில் ஒரு சாண் மாதிரித் துண்டு வாங்கி, மதியம் ஒரு மணி வெயிலில் போட்டு, அரை மணி கழித்து உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத இடத்தில் குழந்தையின் கால் பொறுக்காது. அங்கே வேண்டியது நிழல்.

ஆடு, மாடு திரியும் வீடுகளுக்கு இன்னொன்று: வெயிலில் நாள்பட்ட பிளாஸ்டிக் இழை மொரமொரத்து உதிரும். அது மண்ணில் மக்காது, கால்நடை வயிற்றிலும் செரிக்காது. அந்த வாசலுக்கு அருகம்புல்லே போதும்.