கடைசி எழுத்தைப் பாருங்கள்



நம் அயோத்தியாப்பட்டணத்தில், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருக்குப் போன வாரம் ஒரு மின்னஞ்சல். "கே.ஒய்.சி. புதுப்பிக்கவில்லை, இன்றிரவு கணக்கு முடக்கப்படும்" என்று வங்கி முத்திரையோடு வந்திருந்தது. பென்ஷன் வரும் ஒரே கணக்கு. பதறிப்போய் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, லிங்க்கைத் தட்டவில்லை.

அனுப்பியவர் இடத்தில் வங்கியின் பெயர்தான் இருந்தது. பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். லிங்க்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் அது போகும் முகவரி தெரியும். (கை நடுங்குகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். பாஸ்புக்கோடு கிளைக்கே போய்விடுங்கள்.) அந்த முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன முடிவு இருக்கிறது என்று பாருங்கள். தபால் கவரில் ஊர் கடைசியில்தானே வரும்? அதுபோலத்தான். டீச்சருக்கு வந்ததில் முதலில் வங்கிப் பெயர், முடிவில் ஏதோ "அப்டேட் டாட் காம்".

2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தங்கள் இணையதளத்தை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. வங்கி அல்லாதவர்களுக்கு அந்த முடிவு கிடைக்காது.

ஜி-பே, போன்-பே வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். கணக்கு கணக்காகக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்த வழியுண்டு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், இந்த எண்ணை அம்மா அப்பா போனில் பதிந்து கொடுங்கள்.