அப்பிச்சி கார் பிடித்த கதை

மனசுக்குப் பிடித்துப்போன மாட்டின் முன்னால் அப்பிச்சி, அதாவது என் அம்மாவின் அப்பா, நிற்கவே மாட்டார். நாலு மாடு தள்ளி, தனக்கு வேண்டாத ஏதோ ஒரு காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண் மட்டும் ஓரமாக இந்தப் பக்கம் வந்து போகும். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, இடையில் ஈரோடு கருங்கல்பாளையம் வாரச்சந்தை என்று எங்கே போனாலும் என்னையும் கூட்டிப் போவார். பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று அம்மா சத்தம் போட்டால், "அங்கயும் கணக்குத்தான் படிக்கறான், உடு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கொடுமுடிப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் பாயும் கொஞ்சம் பூமி அவருக்கு. மஞ்சளும் கரும்பும் போடுவார். மாட்டு வியாபாரம் அவருக்குத் தொழில் இல்லை, ருசி. மயிலை, காரி, செவலை என்று நிறம் நிறமாகக் கட்டியிருக்கும் காங்கேயம் காளைகளுக்கு நடுவே அவர் நடக்கும்போது, தரகர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். கடைசியில்தான் விலை. அந்தப் பேச்சு வாயால் நடக்காது. தரகரின் கையும் அப்பிச்சியின் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். "இது ஆயிரம்" என்று சொல்லி ஒரு பிடி, "இது நூறு" என்று சொல்லி இன்னொரு பிடி. எத்தனை விரல் பிடிபட்டது என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

எதற்கு இந்தத் துண்டு என்று ஒருமுறை கேட்டேன். "பக்கத்துல நிக்கறவனுக்கு வெலை தெரிஞ்சா அடுத்த மாட்டுக்கும் அதே வெலையாயிரும் கண்ணு. யாரு எத்தனைக்கு வாங்குனாங்கன்னு தெரியாத வரைக்குந்தான் விக்கறவனுக்குக் கொண்டாட்டம்" என்றார். மறைப்பது எதற்கு, மறைப்பதால் யாருக்கு லாபம் என்று அந்த வயதிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

அப்பா இதற்கு நேர் எதிர். மின்வாரியத்தில் பொறியாளர். அம்மா ஈரோட்டுக் கடைவீதியில் புடவைக்கு விலை குறைத்துக் கேட்க ஆரம்பித்தால், அவர் வாசலுக்குப் போய்த் தெருவை வேடிக்கை பார்ப்பார். சொன்ன விலையைக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் வளர்ந்த காலத்தில் பெரிய சாமான் எதையும் யாரும் பேரம் பேசி வாங்கியதில்லை. பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் பதிந்து வைத்த பஜாஜ் ஸ்கூட்டர், அக்கா பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. போனுக்குக் காத்திருந்தார், கேஸ் அடுப்புக்குக் காத்திருந்தார். காரும் அப்படித்தான். அம்பாசடரை விட்டால் பிரீமியர் பத்மினி என்று இருந்த நாட்டில், 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். பிறகு அதற்கும் வரிசை நீண்டது. ஒதுக்கீடு கிடைத்தவர் வண்டியை ஓட்டாமலே மேலே பணம் வைத்துக் கைமாற்றி விடுவதும் நடந்தது. வாங்குகிறவன் கையைக் கட்டி நிற்கும் இடத்தில் விலையை யார் பேசுவது?

நான் பள்ளியில் படிக்கும்போதுதான் அது மாறியது. 1998 செப்டம்பரில் ஹூண்டாய் தன் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோவை இறக்கியது. டேவூ மாட்டிஸைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் முடிவில் டாடா இண்டிகாவை அறிமுகப்படுத்தியது. மாருதியும் 800-இன் விலையைக் குறைக்க வேண்டி வந்தது. பத்திரிகையைப் படித்துக் காட்டியபோது அப்பிச்சி எழுந்து உட்கார்ந்துகொண்டார். "ஒத்த மாடு நின்ன எடத்துல நாலு மாடு வந்து நிக்குதா? அப்ப வெலை பேசலாம்" என்றார். அப்பா எந்தக் கார் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். மாருதி 800தான். எந்த ஊரிலும் அதைப் பழுது பார்க்க ஆள் கிடைப்பார் என்பது அவர் கணக்கு. மஞ்சள் விற்ற காசில் மகளுக்கு ஒரு பங்கு கொடுப்பதாக அப்பிச்சி சொல்லியிருந்தார். பங்கு கொடுக்கிறவர் கூட வருவதை அப்பாவால் தடுக்க முடியவில்லை.

1999 மார்ச் மாதம். கோவையில் ஒரு ஷோரூம். கண்ணாடிக் கதவு, குளிர்ச்சி, கழுத்தில் டை கட்டிய இளைஞர்கள். அப்பா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்பிச்சி நேராக எஸ்டீம் காரிடம் போய் நின்றார். எங்களுக்கு எட்டாத வண்டி அது. கதவைத் திறந்தார், மூடினார், டயரை அமுக்கினார். "மாமா, நாம பாக்க வந்தது அது இல்லைங்க" என்று அப்பா கிசுகிசுத்தார். அப்பிச்சி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அவர் கண் ஓரமாக 800 பக்கம் போய்வந்ததை நான் பார்த்துவிட்டேன்.

விற்பனைக்கு நின்ற தம்பி திருச்செங்கோட்டுக்காரர், நல்ல பேச்சு. "வெலை கம்பெனி வெலைங்கய்யா, எங்க போனாலும் இதேதான்" என்று சொல்லி ஒரு விலைச்சீட்டை அடித்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தார். அப்பிச்சி அதை அவர் கையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்து, "மொதல்ல இருந்து படி சாமி" என்றார்.

நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது சர்க்காருக்குப் போறதா, இவிங்களுக்குப் போறதா?" வண்டி விலை, கம்பெனி வைத்தது. சாலை வரி, சர்க்காருக்கு. இடது கையில் ஒரு விரலை மடக்கினார். பதிவுக் கட்டணம், இன்னொரு விரல். இன்சூரன்ஸ். அன்றைக்கு நான்கு அரசு நிறுவனங்கள்தான் பொதுக் காப்பீடு செய்தன, கட்டணமும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதுவும் இடது கைக்குப் போனது. அடுத்து 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று சில ஆயிரங்கள். அது என்ன என்று கேட்டார். வண்டியைக் கொண்டுவந்து இறக்கி, கழுவித் துடைத்து, பதிவு வேலையெல்லாம் பார்த்துத் தருவதற்கு என்றார் அந்தத் தம்பி. "மாட்டைக் குளிப்பாட்டிச் சந்தைக்கு ஓட்டியாந்த கூலியை வாங்க வந்தவன்கிட்டயே கேப்பீங்களா தம்பி?" வலது கையில் முதல் விரல் மடங்கியது.

கீழே அலங்காரச் சாமான்கள் ஒரே தொகையாக இருந்தன: சீட் கவர், மிதியடி, மட் ஃபிளாப், அடிப்பக்கத்துக்கு ரஸ்ட் கோட்டிங், கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம். (2012-இல் உச்ச நீதிமன்றம் தடுக்கும் வரை அந்தக் கறுப்பு ஃபிலிம் ஒட்டாத கார் குறைவு.) எல்லோரும் இதைப் போட்டுத்தான் எடுப்பார்கள் என்றார் தம்பி. அதுவரை பேசாமல் நின்றிருந்த அப்பா, தரையைப் பார்த்தபடி, "சீட் கவர் ஈரோட்டுல இதுல பாதிக்கு வருங்களே" என்றார். அப்பா வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேரம் அது. அப்பிச்சி திரும்பி மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு விரல் மடங்கியது.

இடது கை விரல்களைக் காட்டி, "இதை நாங்க பேசல" என்றார். வலது கையை மேஜைமேல் வைத்தார். "இதைப் பேசலாம்."

தம்பி, "மேனேஜரைக் கேட்டுட்டு வந்தர்றேனுங்க" என்று கண்ணாடி அறைக்குள் போனார். "பாத்தீங்களா மாப்ள, இந்தத் தம்பி தரகர். மாட்டுக்காரரு உள்ள உக்காந்திருக்கறாரு" என்று அப்பிச்சி அப்பாவிடம் சொன்னார். உள்ளே போய்வந்தவர் முதலில் மிதியடி இலவசம் என்றார். மறுபடி போய்வந்து மட் ஃபிளாப்பும் இலவசம் என்றார். அதற்கடுத்த முறை ஒரு சின்னக் காகிதத்தில் ஏதோ எழுதி, கையால் மறைத்தபடி அப்பா பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு மடித்துக்கொண்டார். "உங்களுக்காகத்தாங்க சார், வெளிய யாருக்கும் சொல்லிராதீங்க." அப்பிச்சி என் தொடையைத் தட்டினார். துண்டு வந்துவிட்டது.

வண்டி எப்போது செய்தது என்றும் கேட்டார். போன டிசம்பர் என்று பதில் வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் தயாரித்த மாதமும் ஆண்டும் ஏறும். நாளைக்கு விற்கப் போனால் 1998 என்றுதான் விலை வைப்பார்கள். மூன்று மாத வித்தியாசத்துக்கு ஒரு வயது கூடிப்போகும். "பல்லு போன வருசத்தது. எளசாப் பாத்துக் குடுங்க, இல்லாட்டி வெலையில தள்ளிக் குடுங்க" என்று சொல்லிவிட்டார்.

கடன் பேச வந்தவரிடம்தான் அப்பா தன் இடத்தைப் பிடித்தார். லட்ச ரூபாய்க் கடன், 3 ஆண்டு, 12 சதவீதம் என்றார் அவர். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, ஊர் வட்டியைவிடக் குறைவுதான். அப்பிச்சி ஒன்றே ஒன்று கேட்டார்: "மாசாமாசம் அசல் கொறையுமுங்களே, வட்டியும் கொறையுமுங்களா?" அது 'ஃப்ளாட்' வட்டி, குறையாது என்று பதில் வந்தது. அன்று ராத்திரி அப்பா கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். அவர்கள் கணக்கில் மொத்த வட்டி 36,000. அதே 12 சதவீதத்தைக் குறையும் அசலுக்குப் போட்டால் 20,000-கூட வரவில்லை. அவர்கள் சொன்ன 12, உண்மையில் 21-ஐத் தாண்டியது. அப்பா அந்தத் தாளை எங்கள் எல்லோருக்கும் காட்டினார், தூங்கப்போன அம்மாவை எழுப்பியும் காட்டினார். பாதிநாள் பேசி அப்பிச்சி குறைத்ததைவிட அந்த ஒரு கேள்வி மிச்சம் பிடித்த பணம் அதிகம். கடனை வங்கியில் குறையும் அசலுக்கே வாங்கிக்கொண்டோம்.

அன்று ஷோரூமிலிருந்து கிளம்பும்போது அப்பிச்சி அந்தத் தம்பியை எதிர்ப்புற டீக்கடைக்குக் கூட்டிப் போயிருந்தார். ஊர், தோட்டம், தங்கச்சி கல்யாணம் எல்லாம் விசாரித்தார். விலையைப் பற்றி மூச்சே விடவில்லை. சம்பளம் எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அந்தத் தம்பி அவராகவே சொன்னார். மாதத்துக்கு இத்தனை வண்டி விற்றாக வேண்டும், மார்ச் முடிந்தால் வருசக் கணக்கும் முடிகிறது, இந்த முறை இன்னும் இரண்டு வண்டி குறைகிறது என்றும் சொன்னார். "அப்ப மாசக் கடைசியில வர்றோம் தம்பி" என்றார் அப்பிச்சி.

இடையில் அப்பாவைச் சேலத்துக்கு அனுப்பி இன்னொரு விலைச்சீட்டு வாங்கிவரச் செய்தார். மார்ச் 31 அன்று கோவைக்குப் போகும்போது அது அவர் சட்டைப்பையில் பாதி வெளியே தெரியும்படி செருகியிருந்தது. அதை எடுக்கவும் இல்லை, பேச்சில் கொண்டுவரவும் இல்லை. தம்பியின் கண் மட்டும் அங்கே போய்ப் போய் வந்தது. அறைக்குள்ளிருந்து மேனேஜரே எழுந்து வெளியே வந்தார். ஹேண்ட்லிங் பாதியானது. சாமான் கட்டு முழுசாகச் சீட்டிலிருந்து நீங்கியது, மிதியடியும் மட் ஃபிளாப்பும் மட்டும் சும்மா வந்தன. வண்டி பிப்ரவரியில் செய்த வெள்ளை நிறத்தது. மேலும் கொஞ்சம் இழுக்கலாம் என்று அப்பாவுக்கே ஆசை வந்துவிட்டது. அப்பிச்சி கையமர்த்தினார். "போதுமுங்க மாப்ள. நாளைக்கு சர்வீசுக்கு இங்கதான வரோணும். அந்தத் தம்பியும் பொழைக்கட்டும்."

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் கார் எடுத்தாலும் விலைச்சீட்டு முதலில் அப்பிச்சியின் திண்ணைக்கு வந்தது. நான் படிப்பேன், அவர் விரல் மடக்குவார். இன்று சீட்டில் வரிகள் கூடிவிட்டன. நீட்டித்த வாரன்டி, ஃபாஸ்டேக், 10 லட்சத்துக்கு மேலே போனால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்று நீளுகிறது. இன்சூரன்ஸ் இடம் மாறியிருக்கிறது. 2007-இல் வண்டிச் சேதத்துக்கான கட்டணக் கட்டுப்பாடு போன பிறகு, ஷோரூம் சொல்லும் தொகையும் வெளியில் கிடைக்கும் தொகையும் பல ஆயிரம் வித்தியாசப்படுகின்றன. அங்கேதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்பிச்சியின் இடது கையில் இருந்த அந்த விரலை நான் வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

திருச்செங்கோட்டுத் தம்பிக்கு அப்பிச்சியே ஆள் பிடித்துக் கொடுத்தார். பெரியப்பா வீட்டு வண்டி, பக்கத்துத் தோட்டத்து வண்டி, மண்டிக்காரர் வண்டி எல்லாம் அவரிடம்தான் போயின. ஓரிரு வருசத்தில் அவரும் பழகிவிட்டார். எங்கள் ஊர் முகவரியைச் சொன்னதும், சீட்டை நீட்டுவதற்கு முன்னால் ஹேண்ட்லிங் வரியைத் தன் பேனாவாலேயே அடித்துவிட்டு, "பெரியவருகிட்டக் காட்டிட்டே வாங்க" என்று சொல்லி அனுப்புவாராம்.