முழுப்பேரும் அரைப்பேரும்

நாளுக்கொரு படமாக ஓராண்டு பார்ப்பதென்று நாம் தீர்மானித்தபோது, அதற்கு உயர்ந்த நோக்கம் எதுவும் இருக்கவில்லை. இறம்பொடையில் அந்தி சாய்ந்ததும் மூடுபனி இறங்கிவிடும். நுவரெலியா வீதியும் அடங்கிவிடும். கையில் ஒரு கைப்பேசி, பக்கத்தில் ஒரு பழைய குறிப்பேடு. படத்தின் பெயர், ஆண்டு, நமது மதிப்பெண். நாளுக்கு ஒரு வரி. மதிப்பெண் வழங்குவதில் ஆனந்த விகடனே நமக்கு ஆசான். '16 வயதினிலே' (1977) படத்துக்கு அது வழங்கிய 62½ மதிப்பெண்ணை ரசிகர்கள் இன்றும் வியந்து பேசுவர். நாமும் அந்த அரை மதிப்பெண்ணுக்காக நெடுநேரம் யோசித்ததுண்டு.

இரண்டு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. ஒரு ஞாயிறு மாலை, பக்கத்து லயத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் நம்முடன் படம் பார்க்க அமர்ந்தார். தேயிலை மலையில் கதாநாயகியும் தோழியரும் கூடை சுமந்து ஆடிப்பாடும் காட்சி வந்தது. நாம் ஒளிப்பதிவை மெச்சினோம். அக்காவோ, "கூடையில கொழுந்தே காணோமே தம்பி! இதுக்கு எப்படிப் பேர் போடுவாங்க?" என்றார்.

தோட்டத்துக்கு வெளியே உள்ள வாசகருக்கு இதனை விளக்க வேண்டும். செக்றோலில் ஒரு நாள் வேலை பதிவாவதே 'பேர்'. குறித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காலை முதல் மலையில் நின்றவரின் நாள், தராசின் முன் பாதியாகிவிடும். கொழுந்து மழையில் நனைந்திருந்தால் அதற்கென்றும் நிறையைக் கழிப்பார்கள். மதிப்பிடப்படுவது என்றால் என்னவென்பதை அக்கா முப்பது ஆண்டுகளாக அறிந்தவர். நாம் மதிப்பிடத் தொடங்கி இரண்டே மாதங்கள்! அன்றிரவே நூற்றுக் கணக்கைக் கைவிட்டோம். பிறகு குறிப்பேட்டில் ஏறியவை முழுப்பேர், அரைப்பேர், பேரில்லை என்ற மூன்றுமே.

எல்லாப் படத்திலும் கொழுந்து தேடுவது பேதைமை என்பதை அறிவோம். சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில் தேயிலைச் செடியே கிடையாது. ஆனால் திருகாணி முறுக்கிய தொழிலாளியின் கைகள், இயந்திரத்தை விட்டு விலகிய பின்னும் வெட்டிவெட்டி இழுக்கின்றன. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, சாயம் ஏறிக் கறுத்த தம் விரல்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப்பேர்.

பாலாவின் 'பரதேசி' (2013) நம்மைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. அது பி. எச். டேனியலின் 'ரெட் டீ' (1969) நாவலை, அதாவது தமிழில் வந்த 'எரியும் பனிக்காடு' நூலை அடியொற்றியது. டேனியல் தோட்டங்களில் பணிபுரிந்த மருத்துவர். அவர் நூலில் பரிவே உருவாய் வரும் மருத்துவரைப் படம் ஆட்டமும் பாட்டுமான கேலிக்கூத்தாக்கியிருக்கிறது. இருந்தும் இறுதியில், எந்தத் தோட்டத்திலிருந்து தப்ப முடியாமல் கதாநாயகன் துடிக்கிறானோ, அங்கேயே அவன் மனைவி குழந்தையுடன் வந்து சேரும் காட்சி! அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். அரைப்பேர் என்று எழுதினோம். ஒரு வாரம் கழித்தும் அதை அடித்து எழுதவில்லை.

பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' (2023), 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், இராமாயணத் தடம் பார்க்க நம் மலைநாட்டுக்கு வரும் கேரளத் தம்பதியின் கதை. களவுபோன பொருள்களுக்காகக் காவல் நிலையத்தில் தோட்டத் தமிழர் அடிபடுகின்றனர், ஒருவர் இறக்கிறார். நம் ஊர் ஆஞ்சநேயர் கோயிலுக்கும் அத்தடம் தேடியே வாகனங்கள் வருகின்றன. பயணிகள் நம் மலைகளைப் படமெடுக்கிறார்கள். அப்படங்களில் கொழுந்தெடுப்பவர்கள், பச்சைக்கு நடுவே சில வண்ணப் புள்ளிகள். இதற்கு முழுப்பேர் போட நமக்குத் தயக்கமே இருக்கவில்லை.

இலங்கையிலேயே உருவான 'தோட்டக்காரி' (1963) படத்தை ஆண்டு முழுவதும் தேடினோம், கிடைக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் சுருள்கள் சாம்பலாயின. இந்நாட்டுப் பழைய படமொன்றைத் தேடுகிறவனுக்கு அந்த நெருப்பு நினைவுக்கு வராமல் போகாது. 'தோட்டக்காரி' என்று பெயரெழுதிய வரி வெறுமையாகவே இருக்கிறது.

கடைசி நாளுக்கென்று வைத்திருந்தது, லூமியேர் சகோதரர்கள் 1895இல் லியோன் நகரில் தம் தொழிற்சாலை வாசலில் எடுத்த படம். ஒரு நிமிடமும் ஓடாது. கதவு திறக்கிறது, தொழிலாளர் வெளியே வருகின்றனர், பெரும்பாலும் பெண்கள். அக்கா மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு விட்டாங்க, தம்பி?" என்று கேட்டார்.