கையிருப்பு

எங்கள் ஊரில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறிய கல்வி உதவி நிதியை நடத்துகின்றன. பசறை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பதே அதன் வேலை. வாப்பா பொருளாளர். உயர்தரத்தில் கணக்கீடு படிப்பதால், வரவு செலவைப் பதிவது என் பொறுப்பு.

பழைய பக்கங்களைப் புரட்டினால் ஒன்று விளங்கும். நோன்பு மாதத்தில் பணம் நிறைய வரும். மற்ற மாதங்களில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். தேவையோ மாதம் பார்த்து வருவதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. தப்பியவர்களுக்கு அன்றே உடுப்பும் உணவும் வேண்டியிருந்தன. உண்டியல் குலுக்கி முடியும்வரை பசி காத்திருக்குமா?

ஆனால் பணத்தைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதுமா? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு பொருளின் விலை அந்த அளவில் ஏறினால், 100 கொப்பிக்கு வைத்திருந்த காசில் 58 கொப்பிதான் வாங்கலாம். வங்கி வட்டி அதற்கு ஈடாகவில்லை. வங்கிப் புத்தகத்தில் தொகை குறையவில்லை; எங்கள் பட்டியலில்தான் பெயர்கள் குறைந்தன. பெயர் வெட்டப்பட்ட பிள்ளை பாடசாலையை விட்டே நின்றுவிடலாம்.

அதன்பிறகு கூட்டங்களில் இரண்டு பேச்சு. “வைத்திருந்து என்ன கண்டோம்? கொடுத்து முடிப்போம்” என்பார்கள் சிலர். “அடுத்த வருடம் யாரிடம் கேட்பது?” என்பார்கள் மற்றவர்கள். வாப்பாவிடம் கேட்டேன். “ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உதவத் தொடங்கினால் சாதாரணதரம்வரை கொண்டுபோக வேண்டும், மகள். கையிருப்பு அந்த வாக்குக்காகத்தான். காசு நம்முடையதல்ல, அமானிதம்” என்றார்.

யூஸுப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேமித்தார்கள்; பஞ்சம் வந்தபோது அதை அளந்து கொடுத்தார்கள். சேமித்ததன் நோக்கமே கொடுப்பதுதான்.

ஆகவே, ஸகாத் பணத்தை உரியவர்களிடம் தாமதமின்றிச் சேர்த்துவிட வேண்டும். மற்ற நன்கொடையில் எத்தனை மாதச் செலவுக்கு, எதற்காக ஒதுக்குகிறோம் என்பதை எழுதி வைக்க வேண்டும். விலை ஏறும் காலத்தில் ஒரு பகுதியைக் கொப்பியாகவே முன்கூட்டி வாங்கி வைக்கலாம். ஆண்டுக்கொரு முறை கணக்கைத் தந்தவர்களின் முன் வைக்க வேண்டும். பெற்றோர்களே, நன்கொடை தரும்போது கணக்கையும் கேளுங்கள். அது சந்தேகமல்ல, நீங்களும் பொறுப்பில் பங்கெடுப்பதாகும்.