வழி தெரியாத வருடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்றால் பாடப்புத்தகத்துப் படம். ஆறு என்றால் மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு. அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலிக் கரையில் விட்டால் அவனுக்குத் திசையே பிடிபடாது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கடல் வந்துவிடும். பேராதனையில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம் வந்தது.

போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002 ஏப்ரலில் முழுதாகத் திறந்தபின் அதன் வழியே பேராதனைக் கம்பஸுக்குப் போனவர்கள் நாங்கள். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற அந்த வீதி ஏறத்தாழ 320 கிலோமீட்டர். எங்களுக்கு மூத்தவர்கள் கப்பலேறித் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்தவர்கள். அதனால் பஸ்ஸிலேயே போவது பெரிய சௌகரியமாகத் தெரிந்தது. இராணுவத்தின் பகுதியும் புலிகளின் பகுதியும் சந்தித்த முகமாலையிலும் ஓமந்தையிலும் பொதிகளை இறக்கி, அவிழ்த்துக் காட்டி, திரும்பக் கட்டி ஏற்றவேண்டும். அம்மா தந்துவிட்ட எள்ளுருண்டைப் பேணியை இரண்டு தரப்புமே திறந்து பார்த்தன.

எனக்குக் கிடைத்தது அருணாசலம் விடுதி. பெயரைக் கேட்டதும் அப்பாவுக்குப் பாதிக் கவலை போய்விட்டது. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இலேயே சங்கம் கூட்டியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பல்கலைக்கழகம் வந்ததோ 1942இல். அது பேராதனைக்கு இடம்மாறியது 1952இல். 1924இலேயே காலமாகிவிட்ட அவர் இரண்டையும் காணவில்லை. அவர் பெயரிலுள்ள கட்டடத்தில் மகன் படுத்தெழும்பினால் ஒன்றும் ஆகாது என்று அப்பா நம்பினார்.

எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்திருந்தும் அதைப்பற்றி ஊரில் கேட்ட கதைகள் தலைக்குள் நின்றன. சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. உயர்தரம் வரை எல்லாம் தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்குப் பொறியியல் பீடத்தில் எடுத்த எடுப்பிலேயே ஆங்கில விரிவுரை. பேச்சு ஓடும்வரை ஒன்றும் ஏறாது. கரும்பலகையில் சமன்பாடு விழுந்த பிறகுதான் மூச்சு வரும். அது மட்டும் ஊரிலிருந்து கூட வந்திருந்தது.

அந்த வருடம் முழுக்க வீட்டை நினைத்து ஏங்கினேன். இன்று ஏங்குவது அந்த வருடத்தை நினைத்து. மலையும் ஆறும் இப்போதும் அங்கேதான் இருக்கின்றன, போனால் பார்க்கலாம். போய்ப் பார்க்க முடியாதது, பயம் எங்களைச் சேர்த்து வைத்திருந்த அந்தக் கூட்டம்.

தனியே போகத் துணிவில்லாததால் எங்கும் கூடியே போனோம். குளிக்க, சாப்பிட, நூலகத்துக்கு, கண்டி பஸ்ஸுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு படை. ஒருவனுக்குக் கலஹா சந்தியில் சவர்க்காரம் வாங்கவேண்டுமென்றால் அறையே எழும்பிப் போகும். மட்டக்களப்பு, ஹற்றன், அக்கரைப்பற்று என்று வரைபடத்தில் மட்டும் பார்த்திருந்த ஊர்கள், சாரம் கட்டிக்கொண்டு என் கட்டிலில் உட்கார்ந்து கதைத்தன. ஹற்றன்காரன் தோட்டத்துப் பிள்ளை. குளிருக்கு எப்படிப் போர்ப்பது, காலில் ஏறிய அட்டையை எப்படி எடுப்பது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவன் அவன்தான்.

வெள்ளிக்கிழமை மாலை குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு ஏறுவோம். சாமி நம்பிக்கை இல்லாதவனும் வருவான். புக்கைக்கு வருகிறான், பெட்டைகளைப் பார்க்க வருகிறான் என்று பகிடி பண்ணுவோம். தேவாரம் தொடங்கியதும் அவனும் கண்ணை மூடிக்கொள்வான். மூடினால் ஊர்க் கோயில் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். முஸ்லிமான அக்கரைப்பற்றுக்காரன் சந்தியில் காத்திருந்து, இறங்கி வந்ததும் எங்களோடு பிளேன்டீ குடிப்பான்.

பொலன்னறுவையிலிருந்து வந்த சிங்களப் பெடியன் ஒருவன் விரிவுரையில் எனக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுடைய ஆங்கிலமும் என்னுடையது மாதிரியே இருந்தது. அதனால்தான் கதைக்க முடிந்தது. நல்ல ஆங்கிலம் பேசுகிற ஒருவனோடு நான் வாய் திறந்திருக்கமாட்டேன். பஸ் காசு கொடுக்கச் சிங்கள எண்கள் சொல்லித் தந்தான். ஒருநாள் தன் அண்ணன் இராணுவத்தில் என்றான். எங்கள் வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன் தன் வரைதல் தாளை என் பக்கம் தள்ளி, இந்தக் கோடு சரியா மச்சான் என்று கேட்டான்.

பீடம் ஆற்றுக்கு அக்கரையில். அக்பார் பாலத்தைக் கடந்துதான் போய்வருவோம். திரும்புகிற நேரம் பாலத்தில் நின்று, இந்தத் தண்ணீர் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் போய் விழும் என்று யாராவது சொல்லுவான். ஆறாவது எங்கள் பக்கம் போகிறதே என்று இன்னொருவன் பொறாமைப்படுவான்.

இரண்டாம் வருடம் வழி தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு துறை, ஆளுக்கொரு குறுக்குப் பாதை. சவர்க்காரம் வாங்க யாருக்கும் துணை தேவைப்படவில்லை. சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலே கூட்டம் கலைந்தது. 2006 ஆகஸ்ட்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டு, வீட்டுக்குப் போக வழியில்லாமல் நின்றபோது மட்டும் பழையபடி ஓர் அறையில் கூடினோம். பயம் திரும்பி வந்ததும் கூட்டமும் திரும்பி வந்தது.

இன்று நாங்கள் நாலு நாட்டில் இருக்கிறோம். எந்த ஊருக்குப் போனாலும் கைபேசி வழி சொல்லிவிடுகிறது. யாரையும் எழுப்பிக் கூட்டிப்போகத் தேவையில்லை. வசதிதான், மறுக்கவில்லை.

இந்த வருடம் கம்பஸுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். பயத்தை ஒளித்து வைக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவனும் பயந்துபோய்த்தான் கிடக்கிறான். நீங்களே முதலில் வாயைத் திறந்து, கடைக்கு வாறியா என்று கேளுங்கள். வழி தெரிந்த பிறகு அப்படிக் கேட்க உங்களுக்குக் காரணம் இருக்காது.