ஆறடி கேட்டு வந்தார்கள்

தெருவுக்கு ரோடு வேணும்னு மனு போடாத ஊர் உண்டா? ஆனா அந்த ரோட்டுக்கு இடம் எங்கேர்ந்து வரும்னு நாம பெருசா யோசிக்கிறதில்லை. வானத்துலேர்ந்தா குதிக்கும்? யாரோ ஒருத்தர் பட்டாவுலேர்ந்துதான் வந்தாகணும். போன மாசம் இதைப் பத்தி ஒரு நண்பரோட காரசாரமான விவாதம். "முனிசிபாலிட்டி நினைச்சா எடுத்துக்கலாம்ப்பா, கவர்மெண்ட்தானே" என்றார். இல்லவே இல்லை சாமி. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

உள்ளாட்சிக்கு ரோட்டு நிலம் சட்டப்படி மூணு வழியில வரும்.

ஒண்ணு, தானம். புதுசா மனை போடறவங்க ரோட்டுக்கான இடத்தை உள்ளாட்சி பேருக்குத் தானப் பத்திரமா எழுதிக் கொடுக்கணும். ரெண்டாவது, உரிமையாளர்கிட்ட பேசி விலைக்கு வாங்கறது.

மூணாவது, நில எடுப்பு. இங்கேதான் நண்பர் சறுக்கினார். உள்ளாட்சி, மன்றத்துல தீர்மானம் போட்டு அரசுகிட்ட கேட்கலாம், பணத்தைக் கட்டலாம். அவ்வளவுதான். எடுக்கறது அரசு. 2014 ஜனவரி 1-லேர்ந்து நடைமுறையில இருக்கற 2013 சட்டப்படி முதல்ல அறிவிக்கை, ஆட்சேபணை சொல்ல 60 நாள், விசாரணை, அப்புறம்தான் உறுதி அறிவிப்பும் அவார்டும். சந்தை மதிப்பு போக 100 சதவீதம் ஆறுதல் தொகை உண்டு (பழைய 1894 சட்டத்துல 30தான்). வீட்டுல பாதியை மட்டும் கேட்டா, 'எடுக்கறதுன்னா முழு வீட்டையும் எடுங்க'ன்னு சொல்ற உரிமையும் உண்டு.

சந்தை மதிப்பை எப்படிப் போடறாங்க? வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்துல பதிவான பத்திரங்களோட விலையையும் வெச்சுத்தான். பதிவுச் செலவு மிச்சம்னு விலையைக் குறைச்சு எழுதற நம்ம வழக்கம் இங்கே வந்து கடிக்கும்!

நண்பர் விடலை. "சட்டம் கிடக்கட்டும், நடைமுறை வேற" என்றார். சரி, கொல்கத்தா கதையைக் கேளுங்க. அந்த மாநகராட்சிச் சட்டத்துல தெரு, பூங்காவுக்கெல்லாம் நிலம் எடுக்கறதைப் பத்தி 352-ன்னு ஒரு பிரிவு இருக்கு. அதைக் காட்டி மாநகராட்சி ஒருத்தர் சொத்தை எடுத்துக்கிட்டது. 2024 மே மாசம் உச்ச நீதிமன்றம், அந்தப் பிரிவு கட்டாயமா நிலம் எடுக்கற அதிகாரத்தைத் தரலைன்னு சொல்லி, 5 லட்சம் செலவுத்தொகையும் போட்டது. நோட்டீஸ், ஆட்சேபணையைக் கேட்கறது, காரணத்தோட முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, தாமதமில்லாத நடவடிக்கை, அதை முழுசா முடிக்கறது - இந்த ஏழும் இருந்தாத்தான் அது நில எடுப்பு, வெறும் காசைக் கொடுத்தா ஆச்சான்னு கேட்ட தீர்ப்பு அது.

ஆனா நம்ம ஊர்ல பாதி ரோடு நாலாவது வழியில வருது. எந்தச் சட்டத்துலயும் இல்லாத வழி. வாய் வார்த்தை!

எங்க பெரியம்மா இருக்கற பேரூராட்சியில தெருவை அகலப்படுத்தணும்னு வந்தாங்க. "ஆறடிதான்மா. ரோடு வந்தா உங்க இடத்துக்குத்தானே மதிப்பு கூடும்?" ஆறடி அகலம், நாற்பதடி நீளம். அரை செண்டுக்குக் கொஞ்சம் மேல. காம்பவுண்டு சுவரும் ஒரு தென்னை மரமும் அதுக்குள்ள.

பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி. "எழுத்துல குடுப்பீங்களா தம்பி?"

"அதெல்லாம் பின்னாடி பார்த்துக்கலாம்மா."

எதிர் வீட்டுக்காரர் அன்னைக்கே சரின்னுட்டார். பெரியம்மா மாட்டேன்னுட்டாங்க. அவங்க வீட்டு வாசல்ல மட்டும் ரோடு இடுப்பை ஒடுக்கிக்கிட்டுப் போச்சு. ஊரே திட்டிச்சு. கோயில்ல பாக்கறவங்க கூட முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. வயசான மனுஷி, ரெண்டு வருஷம் தாங்கினாங்க.

அப்புறம் எதிர் வீட்டுக்காரர் மகன் பேங்க்ல லோன் கேட்டுப் போனான். அளந்து பார்த்தா பத்திரத்துல இருக்கற அளவு தரையில இல்லை. விட்டுக்கொடுத்த ஆறடிக்கு எந்த ஆபீஸ்லயும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதுக்கப்புறம்தான் தெருவே பெரியம்மா வாசலுக்கு வந்து நின்னுது. சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு போட்டு, தானப் பத்திரம் பதிவாச்சு. பெரியம்மா ஒத்தை ரூபா வாங்கலை. சும்மாத்தான் கொடுத்தாங்க. ஆனா 'கொடுத்தது'ன்னு எழுதிட்டுக் கொடுத்தாங்க.

இதுக்குப் போய் இவ்வளவு பிடிவாதமான்னு கேட்டா, இமாச்சலப் பிரதேசத்துக்கு ஒரு நடை போகணும். 1967-68ல அங்கே ஒரு எழுதப் படிக்கத் தெரியாத பெண்மணியோட நிலத்துல எந்த நில எடுப்பும் இல்லாம ரோடு போட்டாங்க. அவங்க பின்னாடி கோர்ட்டுக்குப் போனப்ப அரசு சொன்ன பதில்? 'வாய்மொழியா சம்மதிச்சாங்க.' கூடவே, 'இத்தனை வருஷம் அனுபவிச்சாச்சு, இனி நிலம் எங்களுது.' குடிமக்களோட நிலத்தை அனுபோக பாத்தியதைன்னு சொல்லி அரசே எடுத்துக்க முடியாதுன்னு 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொல்லிச்சு. அப்ப அந்தம்மாவுக்குக் கிட்டத்தட்ட 80 வயசு.

ரோடு வேணும் மக்களே. ஆம்புலன்ஸ் நுழையாத தெருவுல இருந்து பார்த்தவங்களுக்கு அது தெரியும். இடம் கொடுக்கறது நல்ல காரியம்தான். காசுக்குக் கொடுங்க, சும்மா கொடுங்க, அது உங்க மனசு. ஆனா பேப்பர் இல்லாம ஒரு அடி கூடக் கொடுக்காதீங்க. 'ரோட்டுக்கு முட்டுக்கட்டை'ன்னு ஊர் நாலு நாள் பேசும். பேசட்டும். பேங்க்ல போய் நிக்கும்போது ஊர் கூட வராது.

டிஸ்கி: கையில நோட்டீஸ் வந்தவங்க என் பதிவை மட்டும் நம்பிடாதீங்க, ஒரு நல்ல வக்கீலைப் பாருங்க. ஆட்சேபணைக்கு நாள் ஓடிக்கிட்டே இருக்கும் :-)